பெயர் பெறாத புயல்

அட்லாண்டிக் மகா சமுத்திரத்தில் ஜூன் 1-ந் தேதி முதல் நவம்பர் 30-ந் தேதி வரை புயற்காலம் என்று வரையறுத்திருக்கிறார்கள். வருஷத்துக்கு 21 பெயர்களும் முன்கூட்டியே தயாராயிருக்கின்றன. நமது வங்காள விரிகுடாவிலும் 2004 முதல் புயல்களுக்குப் பெயரிட்டு வருகிறார்கள். ஆனால் காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 62 கிலோமீட்டரை எட்டினாலன்றிப் பெயர் கிடையாது. வானிலை நிபுணர்களுக்கு இவ்விதி போதும். ஜனங்களைக் காக்கக் கடமைப்பட்ட அதிகாரிகளுக்கு இது போதாதென்பதே நமது கட்சி.

கடலூர் ஜில்லாவே இதற்குச் சாட்சி. 2011 டிசம்பர் 30-ந் தேதி ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிற்று. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. நெல் அழிந்தால் அடுத்த போகத்தை நம்பலாம். பலா மரம் அழிந்தாலோ மறுபடி பலன் காணப் பல வருஷங்கள் காத்திருக்க வேண்டும். எனினும் அப்புயலுக்குப் பெயர் இருந்தது. ஆகவே அதன்மீது எல்லோருடைய கவனமும் இருந்தது.

2015 நவம்பர் 9-ந் தேதி புதுச்சேரிக்கருகே கரை கடந்ததோ வெறும் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். அதற்குப் பெயரில்லை. ஆயினும் நெய்வேலியில் ஒரே நாளில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. விசூர், பெரியகாட்டுப்பாளையம் முதலிய கிராமங்களில் வெள்ளம் உயிர்களைக் கொள்ளை கொண்டது. காற்றை அளந்து பெயரிடுகிறோம். மாண்டவர்களோ நீரால் மாண்டார்கள்.

மந்தாரக்குப்பத்தை அடுத்த நிலக்கரிச் சுரங்கங்களில் ஊற்று நீரையும் மழை நீரையும் ஓயாது இறைத்தாக வேண்டும். இறைக்காவிடில் சுரங்கமில்லை, சுரங்கமில்லாவிடில் மின்சாரமில்லை. ஆகையால் இறைப்பதை நாம் குறை கூறவில்லை. அந்நீரும் காட்டு வெள்ளமும் ஒருங்கே பரவனாற்றில் இறங்கிப் பெருமாள் ஏரியை நாடும்போது, வழியிலுள்ள குடியானவன் கதி என்ன என்பதே நமது கேள்வி.

ஐப்பசி பிறக்குமுன் வாய்க்கால்களும் ஏரியும் தூர் வாரப்பட வேண்டும். எவ்வளவு நீர், எப்பொழுது திறந்துவிடப்படும் என்பதைக் கீழ்க்கிராமங்களுக்கு முன்னரே அறிவிக்க வேண்டும். மர விவசாயிக்குரிய நஷ்ட ஈடு, அவன் காத்திருக்கும் வருஷங்களைக் கணக்கிட்டுத் தீர்மானிக்கப்பட வேண்டும். இவை சலுகைகளல்ல, உரிமைகள்.

வெள்ளம் வடிந்தபின் அரிசி மூட்டை சுமந்து செல்லும் நம் தொண்டர்களின் அன்பு போற்றற்குரியது. அதே தொண்டர்கள் ஆவணியிலேயே வாய்க்கால் கரைக்குச் சென்று, தூர் வாரிய கணக்கைக் கேட்பார்களானால், கார்த்திகையில் சுமக்க வேண்டிய மூட்டைகள் குறையும்.