கமிட் கொடுத்தால் எதுவரை சேமிக்கும்?

வங்கியில் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்கிற்கு 5,000 ரூபாய் மாற்றுகிறீர்கள். முதல் கணக்கில் பணம் கழிந்துவிட்டது. இரண்டாவதில் சேர்வதற்குள் கரண்ட் போய்விட்டது. அந்த 5,000 ரூபாய் என்னவாகும்?

பயப்பட வேண்டாம். இதற்காகவே கமிட், ரோல்பேக் என்று இரண்டு கட்டளைகள் உள்ளன. செய்த மாற்றங்களை நிலையாக்குவது கமிட். எதுவுமே நடக்காததுபோல் பழைய நிலைக்குத் திருப்புவது ரோல்பேக். வேர்டில் சேவ் செய்யாமல் மூடினால் பழைய ஃபைலே மிஞ்சுமல்லவா, அதுபோல.

சரி, ஒரு புரோகிராம் இன்னொரு புரோகிராமை அழைக்கிறது. இரண்டாவது புரோகிராம் கமிட் கொடுத்தால் யாருடைய மாற்றங்கள் நிலையாகும்? இதைத் தீர்மானிப்பதுதான் கமிட் ஸ்கோப், அதாவது கமிட்டின் எல்லை.

ஐபிஎம் 1988-ல் வெளியிட்ட ஏஎஸ்/400, பிசிக்கும் மெயின்ஃபிரேமுக்கும் இடைப்பட்ட மிட்ரேஞ்ச் கம்ப்யூட்டர். அதன் வழிவந்த ஐபிஎம் ஐ என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் இன்றும் பயன்பாட்டில் உள்ளது. அதில் இரண்டு எல்லைகள் உண்டு.

1. ஜாப்: நீங்கள் சைன் ஆன் செய்ததிலிருந்து சைன் ஆஃப் வரை நடப்பது ஒரு ஜாப். இந்த எல்லையைப் பயன்படுத்தும் எந்தப் புரோகிராம் கமிட் கொடுத்தாலும், அதே எல்லையிலுள்ள மற்றப் புரோகிராம்களின் மாற்றங்களும் சேர்ந்தே நிலையாகும்.

2. ஆக்டிவேஷன் குரூப்: இது ஜாப் என்னும் வீட்டிற்குள் இருக்கும் ஓர் அறை. கமிட் அந்த அறைக்குள் மட்டுமே செல்லும். எதையும் குறிப்பிடாவிட்டால் சிஸ்டம் எடுத்துக்கொள்வது இதைத்தான்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

ஓர் ஆர்டர் புரோகிராம் ஆர்டரைப் பதிகிறது. பிறகு சரக்கு இருப்பைக் குறைக்கும் புரோகிராமை அழைக்கிறது. அடுத்து, யார் எப்போது என்ன செய்தார் என்று குறித்து வைக்கும் லாக் புரோகிராமை அழைக்கிறது. கடைசியாக பில் போட வேண்டும்.

எல்லாமே ஜாப் எல்லையில் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். லாக் புரோகிராம் தன் குறிப்பைச் சேமிக்க கமிட் கொடுக்கிறது. ஆர்டரும் இருப்பும் கூடவே நிலையாகிவிடும்! அடுத்து பில்லில் பிழை வந்தால் ரோல்பேக் செய்தும் பயனில்லை. சரக்கு குறைந்திருக்கும், பில் இருக்காது.

இதற்குப் பயந்து ஒவ்வொன்றையும் தனி அறையில் வைத்தால்? இருப்புப் புரோகிராம் தன் அறையில் கமிட் கொடுத்துவிடும். ஆர்டரை ரோல்பேக் செய்தாலும் குறைந்த இருப்பு திரும்பாது.

எனவே ஆர்டர், இருப்பு, பில் மூன்றும் ஒரே எல்லையில் இருக்கட்டும். அழைக்கப்படும் புரோகிராமை உருவாக்கும்போது ஆக்டிவேஷன் குரூப்பாக 'காலர்' என்று கொடுத்தால், அது அழைத்தவரின் அறையிலேயே ஓடும். லாக் மட்டும் தனி அறையில் இருக்கட்டும். ஆர்டர் ரத்தானாலும் குறிப்பு மிஞ்ச வேண்டுமே!

ஓர் எச்சரிக்கை: ஆக்டிவேஷன் குரூப் பிழையின்றி முடிந்தால், நீங்கள் கமிட் கொடுக்க மறந்த மாற்றங்களை சிஸ்டமே கமிட் செய்துவிடும். ஜாப் எல்லையிலோ, ஜாப் முடியும்போது அவை ரோல்பேக் ஆகும்.

சேர்ந்து நிற்க வேண்டியவை ஒரே எல்லையில், தனித்து நிற்க வேண்டியவை தனி எல்லையில். நாளை நீங்கள் எந்த டேட்டாபேஸில் புரோகிராம் எழுதினாலும் இந்தக் கணக்கு உதவும்.