செயற்கை இடுப்பு மூட்டின் ஆயுள்

இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி தொடக்கத்தில் பொருத்திய செயற்கை இடுப்பு மூட்டுகளின் கிண்ணம் டெஃப்லானால் ஆனது. அது சில ஆண்டுகளிலேயே தேய்ந்துபோனதால், நோயாளிகள் பலர் மீண்டும் அறுவை சிகிச்சைக்கு உள்ளாக நேர்ந்தது. 1962-இல் அவர் பாலிஎத்திலீனுக்கு மாறிய பின்னரே இச்சிகிச்சை நிலைபெற்றது.

பாலிஎத்திலீனும் தேயாமல் இல்லை. தொடை எலும்பின் தலைக்கு மாற்றாக வைக்கப்படும் உலோகப் பந்து ஒவ்வோர் அடியிலும் கிண்ணத்தில் உரசுவதால் நுண்துகள்கள் உதிர்கின்றன. அவற்றை விழுங்கும் தற்காப்புச் செல்கள் செரிக்க இயலாமல் அழற்சியூட்டும் வேதிப்பொருள்களைச் சுரக்க, எலும்பைக் கரைக்கும் செல்கள் முடுக்கிவிடப்பட்டு, மூட்டைத் தாங்கும் எலும்பே அரிக்கப்படுகிறது. இவ்வரிப்பு பல ஆண்டுகள் வலியின்றியே வளரக்கூடும் என்பதால், தடையின்றி நடப்பவர்களும் மருத்துவர் குறித்த காலத்தில் எக்ஸ்-ரே எடுத்துக்கொள்வதைத் தவிர்க்கலாகாது.

கதிர்வீச்சால் மூலக்கூறுகள் குறுக்கே பிணைக்கப்பட்ட புதிய பாலிஎத்திலீன் தேய்மானத்தைப் பெரிதும் குறைத்திருக்கிறது. உலோகத்தின் மீது உலோகம் உரசும் வகையோ கோபால்ட், குரோமியம் அயனிகளை இரத்தத்தில் கலக்கவிட்டு, நம்பியவர்களுக்குத் துன்பமே தந்தது. இவ்வகையைச் சேர்ந்த தன் ஏஎஸ்ஆர் மூட்டுகளை டிப்யூ நிறுவனம் 2010-இல் திரும்பப் பெற்றது.

பல்லாண்டுத் தரவுகளைத் தொகுத்து 2019-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 58 சதவீத மூட்டுகள் 25 ஆண்டுகள் நிலைப்பதாக மதிப்பிட்டது. எழுபது வயதினருக்கு இது பெரும் ஆறுதல் என்றாலும், நாற்பதுகளில் சிகிச்சை பெறுவோர் மறு அறுவையையும் கணக்கில் கொண்டே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.