நகர வேண்டியது நகராவிட்டால்...
(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

வண்டி என்றால் ஓட வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் ஓடுவதைவிட, நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதே பெரிது. திருவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வடம் பிடிப்போர் பல்லாயிரவர். எனினும், சக்கரத்தடியில் உரிய நேரத்தில் கட்டையைக் கொடுத்துத் தேரை நிறுத்துவோர் ஒரு சிலரே. அந்தச் சிலரின் கை தவறினால் என்ன ஆகும்?

என் தந்தையார் இராசபாளையத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறார். பழைய கார்தான், எங்கள் வீட்டு அடுப்பு எரிவது அதனால்தான். கடந்த ஐப்பசி மாதம் ஆண்டாள் கோயிலுக்குச் சென்ற ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நாங்கள் ஊர் திரும்பினோம். மழை விட்டிருந்தது. மடவார் விளாகம் தாண்டிச் சிறிது தொலைவு சென்றதும், கார் தானாக இடப்பக்கம் இழுக்கத் தொடங்கிற்று. கருகிய வாடையும் வந்தது. அந்நேரம் சாலையோரம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஒரு சிறுவன் வந்தான். தந்தையார் பிரேக்கை மிதித்தார். கார் அவன் பக்கமாகவே திரும்பிற்று! ஸ்டியரிங்கை வலப்பக்கம் அழுத்திப் பிடித்து எப்படியோ நிறுத்தினார். சிறுவனுக்கும் எங்களுக்கும் இடையே இருந்தது நான்கு முழம்தான்.

இறங்கிப் பார்த்தோம். முன்பக்க இடச் சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோனால் அடுப்படியில் நிற்பது போல் அனல் அடித்தது.

காரணம் என்ன? அதைக் கூறுமுன் இந்த பிரேக் இயங்கும் விதத்தைக் காண்போம்.

பெரும்பாலான கார்களில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் உண்டு. இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்பார் 1902-ஆம் ஆண்டிலேயே இவ்வகைக்குக் காப்புரிமை பெற்றார். சக்கரத்தோடு ஓர் இரும்புத் தட்டு சுழல்கிறது. அதன் இருபுறமும் இரண்டு பேடுகள். அவற்றைத் தாங்கி நிற்பது காலிப்பர். நாம் மிதியை மிதிக்கும்போது, பாஸ்கல் விதிப்படி, பிரேக் எண்ணெயின் அழுத்தம் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பல கார்களில் பிஸ்டன் உட்புறத்தில் மட்டுமே இருக்கிறது. அப்படியானால் வெளிப்புறப் பேடைத் தள்ளுவது யார்? நியூட்டனின் மூன்றாம் விதிதான்! பிஸ்டன் உட்புறப் பேடைத் தட்டின்மீது அழுத்துகிறது. எதிர்வினையால் காலிப்பர் முழுவதும் பின்னோக்கி நகர்ந்து, வெளிப்புறப் பேடையும் இழுத்துத் தட்டின்மீது அழுத்துகிறது. அவ்வாறு நகர்வதற்குத் தண்டவாளம் போல் உதவுவன இரண்டு சிறு உருளைக் கம்பிகள். மெக்கானிக்குகள் இவற்றை 'ஸ்லைடு பின்' என்பர். விரல் நீளந்தான். நீரும் தூசியும் புகாதபடி இவற்றுக்கு ரப்பர் உறை உண்டு.

உறை கிழிந்தால் மழை நீர் புகும், துரு ஏறும், பின் இறுகிவிடும். இறுகினால் இரு தீங்குகள். காலிப்பர் நகராததால் ஒரு பேட் சரியாக அழுத்தாது. அல்லது, அழுத்திய பேட் மிதியை விட்ட பின்னும் விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். எங்களுக்கு நேர்ந்தது இரண்டாவது.

உரசினால் எவ்வளவு வெப்பம்? 1000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 1,39,000 ஜூல். ஒருமுறை நிறுத்தும்போது இது பெரும்பாலும் பிரேக்குகளில் வெப்பமாகிறது. ஒரு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 63 டிகிரிக்குச் சூடேற்ற அது போதும். ஓயாமல் உரசும் சக்கரத்தில் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். பிரேக் எண்ணெய் கொதித்து ஆவியானால் மிதி பொதபொதவென்று உள்ளே போகும், பிரேக்கே இராது.

மறுநாள் மெக்கானிக் அண்ணாச்சி சக்கரத்தைக் கழற்றினார். ஒரு பேட் ஒரு முனையில் பாக்குச் சீவல்போல் தேய்ந்திருந்தது. ஒரு பின் எளிதாக வந்தது. மற்றொன்று வரவில்லை. திருகித் திருகி வெளியே எடுத்தார். அதிலிருந்த ரப்பர் வளையம் ஊறிய கடலைபோல் உப்பியிருந்தது.

"இதுல கிரீஸ் போட்டது யாரு?" என்றார்.

நான் தலைகுனிந்தேன். "நான்தான் அண்ணாச்சி. பேரிங்குக்கு வாங்கினது மிச்சம் இருந்துச்சு."

ஆம். ஆறு மாதங்களுக்கு முன், படித்த பெருமையில், செலவை மிச்சப்படுத்துவதாக எண்ணி, நானே பின்களைத் துடைத்துச் சாதாரண கிரீஸைத் தடவியிருந்தேன். கனிம எண்ணெயால் ஆன கிரீஸ் இந்த ரப்பரை உப்பச் செய்யும் என்பதை நான் அறியவில்லை. மழையின்மீதும் துருவின்மீதும் போட்ட பழி என்மீதே திரும்பிற்று.

அன்று அண்ணாச்சி செய்து காட்டிய முறையை இங்கே தருகிறேன்.

முதலாவதாக, சமதளத்தில் காரை நிறுத்திப் பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. தாங்கியும் வைக்க வேண்டும். காலிப்பரைக் கழற்றியதும் பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைக்க வேண்டும். பேட் தூளை ஊதக் கூடாது. ஈரத் துணியால் துடைக்க வேண்டும். அது நுரையீரலுக்குக் கேடு.

இரண்டாவதாக, பின்களைக் கழற்றும்போது எது மேலே, எது கீழே என்று குறித்துக்கொள்ள வேண்டும். சில கார்களில் இரண்டும் ஒன்றுபோல் இரா. இறுகிய பின்னைச் சுத்தியலால் அடிக்காமல் முன்னும் பின்னும் திருகியே எடுக்க வேண்டும்.

மூன்றாவதாக, பின்னையும் அது நுழையும் துளையையும் பிரேக் கிளீனர் கொண்டு பழைய கிரீஸ் அறவே நீங்கத் துடைக்க வேண்டும். மேலோட்டமான துருவை மெல்லிய உப்புத்தாளால் நீக்கலாம். குழி விழுந்திருந்தால் புதிய பின்னே போட வேண்டும். கிழிந்த, உப்பிய ரப்பர்களையும் மாற்றிவிட வேண்டும்.

நான்காவதாக, பிரேக்குக்கென்றே உள்ள சிலிக்கோன் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவ வேண்டும். அதிகம் அடைத்தால் துளைக்குள் காற்று சிக்கிப் பின்னை வெளியே தள்ளும். தட்டிலோ பேடிலோ ஒரு துளியும் படலாகாது. பின் விரலால் தள்ளினாலே நகர வேண்டும்.

ஐந்தாவதாக, போல்ட்டுகளைத் தயாரிப்பாளர் சொன்ன அளவில் முறுக்க வேண்டும். வண்டியை நகர்த்துமுன் மிதியைப் பலமுறை மிதித்து, அது கெட்டியாவதைப் பார்க்க வேண்டும். மறந்தால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது.

பேட் மாற்றும்போதெல்லாம் பின்களையும் கழற்றிப் பார்ப்பது நன்று. ஒரு சக்கரம் மட்டும் சுடுவது, கார் ஒருபக்கம் இழுப்பது, பேடுகள் ஒன்றுபோல் தேயாமை ஆகியவை எச்சரிக்கைகள். சூடான தட்டில் தண்ணீர் ஊற்றக் கூடாது. கோணும் அல்லது விரிசல் விடும்.

வேலை முடிந்ததும் நான் தந்தையாரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லக் கூச்சப்படாதே" என்று மட்டும் கூறி, சாவியை என்னிடம் தந்து, அதே சாலையில் என்னையே ஓட்டச் சொன்னார். கார் நேராகச் சென்றது. மிதித்த இடத்தில் நேராக நின்றது.

அந்தச் சிறுவனை மீண்டும் காணவில்லை. ஆயினும் அவ்விடத்தைக் கடக்கும்போதெல்லாம் என் கால் தானாகவே மிதியைத் தேடுகிறது.