பந்துக்கு ஒரு களம்: புனே நகரில் மகளிர் கால்பந்தாட்டம்



ஓர் ஆட்டத்திற்கு வேண்டியவை யாவை என்று வினவினால், ஆடுவோர், பந்து, விதிமுறை, பயிற்சியாளர் என்று பலரும் அடுக்கிச் சொல்வர். இடம் என்ற ஒன்றை முதலில் நினைப்பவர் சிலரே. பல்லாங்குழி ஆடத் திண்ணை போதும். பாண்டி ஆட வாசல் போதும். கால்பந்தாட்டத்திற்கு இவை போதா. விதிப்படி அதன் களம் 90 மீட்டர் முதல் 120 மீட்டர் வரை நீளமும், 45 மீட்டர் முதல் 90 மீட்டர் வரை அகலமும் உடையதாக இருத்தல் வேண்டும். பெரும் போட்டிகளுக்கு 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்ட களமே வழக்கத்தில் உள்ளது. அதன் பரப்பு 7,140 சதுர மீட்டர். அதாவது ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஏக்கர். வளர்ந்த மகளிர் ஆடும் களமும் இதுவே. கோல் கம்பங்களின் இடைவெளி 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். ஆடவருக்கு ஓர் அளவு, பெண்டிருக்கு ஓர் அளவு என்ற வேறுபாடு இங்கே இல்லை.

அளவில் வேறுபாடு இல்லை. ஆனால் அக்களம் கிடைப்பதில் வேறுபாடு உண்டு. மாநகரில் ஒன்றே முக்கால் ஏக்கர் வெற்றிடம் எளிதில் கிட்டுவதன்று. கிட்டிய இடத்திலும் ஆடவர் குழுக்கள் முன்னரே மாலை நேரங்களைக் கைக்கொண்டிருக்கும். எஞ்சிய நேரமே பெண்கள் குழுவிற்கு வரும். அதுவும் பெரும்பாலும் உச்சி வெயிலாகவோ, இருட்டும் வேளையாகவோ இருக்கும். எனவே, மகளிர் கால்பந்தாட்டம் வளர்வதும் தேய்வதும் களத்தைப் பொறுத்தது என்பதை நாம் முதலில் உணர்தல் வேண்டும்.

இதனை வரலாறே மெய்ப்பிக்கிறது. முதல் உலகப் போரின்போது இங்கிலாந்து நாட்டின் பிரெஸ்டன் நகரத்தில் போர்த்தளவாடத் தொழிற்சாலையில் பணிபுரிந்த பெண்கள் 1917ஆம் ஆண்டில் ஒரு கால்பந்துக் குழுவை அமைத்தனர். டிக் கெர் மகளிர் குழு என்பது அதன் பெயர். 1920 டிசம்பர் 26ஆம் நாளன்று லிவர்ப்பூல் நகரின் குடிசன் பார்க் திடலில் அவர்கள் ஆடிய ஆட்டத்தைக் காண 53,000 பேர் திரண்டனர்; இடமின்றித் திரும்பிச் சென்றோரும் பல்லாயிரவர். அவ்வாட்டத்தில் திரண்ட பொருள் அறப்பணிக்கே சென்றது. ஓராண்டு கழியுமுன், 1921 டிசம்பர் 5ஆம் நாள், இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. இவ்வாட்டம் பெண்டிர்க்கு ஏற்றதன்று என்றும், சங்கத்தில் சேர்ந்த குழுக்கள் தத்தம் திடல்களை அவர்களுக்குத் தரலாகாது என்றும் அது கட்டளையிட்டது.

அத்தீர்மானத்தின் போக்கை ஊன்றிக் கவனியுங்கள். பெண்கள் பந்தைத் தொடலாகாது என்று அது கூறவில்லை. அப்படிக் கூறும் அதிகாரமும் அச்சங்கத்திற்கு இல்லை. திடலைத் தராதே என்றது, அவ்வளவே. டிக் கெர் குழுவினர் மனந்தளராது வேறு வெளிகளில் ஆடினர். 1922இல் அமெரிக்கா வரை சென்று ஆடினர். ஆயினும் நல்ல திடல்களின் கதவு அடைபட்டபின் ஆட்டம் மெலிந்தது. அத்தடை முற்றிலும் நீங்க 1971ஆம் ஆண்டு வரை ஐம்பது ஆண்டுகள் ஆயின. மேற்குச் செருமனியில் 1955 முதல் 1970 வரையிலும், பிரேசிலில் 1941 முதல் 1979 வரையிலும் இத்தகைய தடைகள் இருந்தன. கதவு திறந்தபின் விளைந்தது என்ன? 2022ஆம் ஆண்டு இலண்டன் வெம்பிளி அரங்கில் நடைபெற்ற ஐரோப்பிய மகளிர் இறுதியாட்டத்தை நேரில் கண்டவர் 87,192 பேர். களம் கிடைத்தால் கூட்டமும் வரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இனி, நாம் வாழும் புனே நகருக்கு வருவோம். பெண்களுக்கு இடம் என்ற கேள்வி இந்நகருக்குப் புதியதன்று. 1848ஆம் ஆண்டில் சாவித்திரிபாய் புலேயும் அவர்தம் கணவர் சோதிராவ் புலேயும் பெண்களுக்குப் பள்ளி தொடங்க முனைந்தபோது, பிடே என்பவரின் வாடா, அதாவது பெருமனை, அதற்கு இடமாயிற்று. ஒருவர் தம் மனையில் இடம் ஒதுக்கியதால் கல்வி நடந்தது. பின்னர் கார்வே பெருமகனார் நகருக்கு வெளியே ஹிங்கணே என்னும் ஊரில் கைம்பெண்களுக்கு இல்லம் எழுப்பி, 1916இல் மகளிர் பல்கலைக்கழகமும் கண்டார். எண்ணம் உயர்ந்ததாயினும், அது நிலைபெற நான்கு சுவரும் ஒரு கூரையும் தேவைப்பட்டன. கல்விக்குக் கூடம் எப்படியோ, ஆட்டத்திற்குத் திடல் அப்படி.

கால்பந்தாட்டமும் இந்நகருக்குப் பழையதே. ஆங்கிலேயரின் படைப்பிரிவுகள் தங்கியிருந்த பாளையங்களோடு சேர்ந்து வந்த ஆட்டம் அது. கேம்ப், கிர்க்கி முதலிய பகுதிகளில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் இதனை நன்கு அறியும். வெடிமருந்துத் தொழிற்சாலைக்கும் படைத்துறைப் பணிக்கும் வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அங்கே பந்துதைத்து வளர்ந்தவர்களே.

இந்நகரில் உள்ள களங்களை ஐந்து வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, மாநில அரசின் பேரரங்கம். பாலேவாடியில் உள்ள ஸ்ரீ சிவ சத்ரபதி விளையாட்டு வளாகம் 1994ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டுக்காக எழுப்பப்பட்டது. 2008இல் காமன்வெல்த் இளைஞர் விளையாட்டுக்களும் அங்கே நிகழ்ந்தன. 2007இல் தோன்றிய புனே கால்பந்துக் கழகமும், 2014 முதல் 2019 வரை இயங்கிய புனே சிட்டி குழுவும் தம் சொந்த ஊர் ஆட்டங்களை அங்கேதான் ஆடின. 2022 சனவரி, பிப்ரவரி மாதங்களில் பன்னிரண்டு நாடுகள் கலந்துகொண்ட ஆசிய மகளிர் கோப்பைப் போட்டியின் ஆட்டங்கள் மும்பை, நவி மும்பை, புனே ஆகிய மூன்று நகரங்களில் நடைபெற்றன. பாலேவாடியில் தென்கொரியப் பெண்கள் ஆஸ்திரேலியாவை ஒரு கோலில் வீழ்த்தியது ஆசியக் கண்டமே வியந்த நிகழ்ச்சியாகும். கொரோனா நோய்க் காலமாதலின் புனே மக்கள் திரளாகச் சென்று அதனைக் காண இயலாது போயிற்று. அரங்கம் சிறந்ததே, ஆயினும் நகரின் நடுப்பகுதிக்கு அது தொலைவு. பள்ளி விட்டு வரும் சிறுமி நாள்தோறும் சென்று மீள்வது கடினம். இறுதியாட்டத்திற்கு ஏற்ற இடம் வேறு; அன்றாடப் பயிற்சிக்கு ஏற்ற இடம் வேறு.

இரண்டாவது, மாநகராட்சி, பாளைய வாரியம் ஆகியவற்றின் பொதுத் திடல்கள். கேம்ப் பகுதியின் தோபிகாட் திடல் இத்தகையது. மாவட்டக் கால்பந்துச் சங்கத்தின் ஆட்டங்கள் அங்கே நடைபெற்றுள்ளன. மூன்றாவது, பள்ளி, கல்லூரித் திடல்கள். சிவாஜி நகர்ப் பகுதியில் ஸ்ரீ சிவாஜி பிரிபரேட்டரி மிலிட்டரி பள்ளியின் திடலிலும் சங்க ஆட்டங்கள் நடந்ததுண்டு. நான்காவது, படைத்துறைத் திடல்கள். அவை நன்கு பேணப்படுபவை. ஆனால் பாதுகாப்புக் காரணத்தால் வெளியார்க்கு எளிதில் கிட்டா. ஐந்தாவது, அண்மைக் காலத்தில் பெருகியுள்ள வாடகைத் திடல்கள். செயற்கைப் புல் விரித்து, வலை சூழ்ந்து, மின்விளக்கு ஏற்றி, மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். மக்கள் இதனை 'டர்ஃப்' என்றே வழங்குகின்றனர்.

இந்த ஐந்தாம் வகை வசதியானதுதான். வெளிச்சம் உண்டு, காவல் உண்டு, மழையிலும் ஆடலாம். எனினும் அதன் அளவைக் கணக்கிடுக. 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள ஒரு சிறு திடலின் பரப்பு 800 சதுர மீட்டர். முழுக் களம் அதைப்போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு. சிறு திடலிலேயே பழகிய பெண், குறும்பந்து கொடுப்பதிலும், நெருக்கடியில் பந்தைக் காப்பதிலும் தேர்ச்சி பெறுவாள். ஆனால் நீண்ட பந்தை அளந்து அனுப்புதல், காவல் வரிசையை ஒன்றாக முன்னும் பின்னும் நகர்த்துதல், தொண்ணூறு நிமிடம் ஓடும் உரம் ஆகியவை முழுக் களத்தில்தான் வரும். ஆதலின் வாரத்தில் இரு நாள் சிறு திடலிலும், ஒரு நாளேனும் முழுக் களத்திலும் பயில்வது பொருள் குறைந்த குழுவிற்கு உகந்த முறையாகும்.

அடுத்து, மண்ணைப் பற்றி ஒரு சொல். புனே தக்காணத்துக் கருங்கற் பாறை நிலம். அதன் கரிசல் மண் கோடையில் வெடிக்கும். சூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழையில் சேறாகிக் காலைப் பற்றும். கோவில்பட்டிப் பக்கத்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. பல திடல்களில் மராத்தியர் 'முரூம்' என்று கூறும் சரளை மண்ணைப் பரப்பியிருப்பர். அது நீரை வடியவிடும். ஆனால் விழுந்தால் முழங்காலைச் சிராய்க்கும். கிரிக்கெட் ஆடும் இடத்திலேயே கால்பந்தும் ஆடுவதாயின், நடுவிலுள்ள இறுகிய பட்டையைத் தவிர்த்தல் நலம். மேடுபள்ளமான தரையில் ஓடும்போது முழங்கால் திருகுவது இயல்பு. முழங்காலின் முன்பக்கச் சிலுவை நாண் அறுந்துபோகும் காயம் ஆடவரினும் பெண்களுக்கு மிகுதியாக நேர்கிறது என்பதை மருத்துவர்கள் நெடுநாளாக அறிவர். எனவே, சமமான தரை என்பது பெண்கள் குழுவிற்கு ஆடம்பரமன்று, காப்பு.

தரைக்கு அப்பாலும் சில தேவைகள் உண்டு. பூட்டக்கூடிய உடைமாற்றும் அறை, நீர் வரும் கழிப்பறை, குடிநீர், முதலுதவிப் பெட்டி, திடலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை விளக்குள்ள வழி. பன்னிரண்டு வயதில் ஆர்வத்தோடு வந்த பெண் பதினான்கில் நின்றுவிடுகிறாள் என்றால், ஆட்டம் பிடிக்காமற் போனது என்று கொள்வது பிழை. கழிப்பறை இல்லாத திடலும், இருளில் நடக்க வேண்டிய தெருவும் அவளை நிறுத்தியிருக்கலாம். பெற்றோர் அஞ்சுவதில் தவறில்லை. அவ்வச்சத்திற்குக் காரணமானவற்றை நீக்குவதே செயத்தக்கது. பெண்ணை வீட்டில் இருத்துவது தீர்வாகாது.

நம் தாயகத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. தேசிய மகளிர் கால்பந்துப் போட்டியில் நெடுங்காலம் மணிப்பூர் மாநிலமே முடிசூடி வந்தது. 2018ஆம் ஆண்டு கட்டக் நகரில் நடந்த இறுதியாட்டத்தில் அதே மணிப்பூரை 2–1 என்ற கணக்கில் வென்று தமிழ்நாட்டுப் பெண்கள் கோப்பையைக் கொணர்ந்தனர். 2023இல் அமிர்தசரசில் அரியானாவை வென்று மீண்டும் வாகை சூடினர். 2019இல் மதுரையின் சேது கால்பந்துக் கழகம் இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றது. கடலூரிலிருந்து எழுந்த இந்துமதி கதிரேசன் நாட்டின் அணியில் இடம்பெற்றார். இவையெல்லாம் சென்னை மாநகரின் பேரரங்கத்தில் மட்டும் விளைந்தவை அல்ல. மாவட்டத் தலைநகர்களில், மாலை தவறாமல் பெண்களுக்குத் திறந்துவிடப்பட்ட திடல்களும், அவற்றை அடுத்த விடுதிகளும் இவ்வெற்றிகளுக்கு வித்தாக அமைந்தன.

இந்திய மகளிர் லீக் 2023–24 பருவத்தில் ஒவ்வொரு குழுவும் தன் ஊரிலும் எதிரியின் ஊரிலும் ஆடும் முறைக்கு மாறியது. முன்னர் எல்லாக் குழுக்களும் ஓரிடத்தில் கூடிச் சில வாரங்களில் ஆடி முடித்தன. அத்தகைய முறையில் மேல்நிலைக்கு உயர விரும்பும் குழுவிற்குத் தனது என்று சொல்லிக்கொள்ள ஒரு திடல் இன்றியமையாததாகிறது.

அவ்வாறாயின், புனேயில் வாழும் நாம் செய்யக்கூடியது யாது? முதலில், சிதறிக் கிடக்கும் பெண்களை ஒரு குழுவாகப் பதிவு செய்து, மாவட்டக் கால்பந்துச் சங்கத்தில் சேர்த்தல் வேண்டும். பெயரில்லாத கூட்டத்திற்குத் திடல் தருவாரில்லை. இரண்டாவதாக, அருகிலுள்ள பள்ளி நிருவாகத்தை அணுகலாம். மாலை ஐந்து மணிக்குப் பின் பூட்டிக் கிடக்கும் திடல்கள் பல. துப்புரவுச் செலவை ஏற்பதாகவும், அப்பள்ளியின் மாணவியரையும் சேர்த்துக்கொள்வதாகவும் எழுத்து மூலம் உறுதி கூறினால் இசைவோர் உண்டு. மூன்றாவதாக, பொதுத் திடல்களில் வாரத்தில் குறிப்பிட்ட சில மணி நேரத்தை மகளிர்க்கென ஒதுக்குமாறு மாநகராட்சிக்கு விண்ணப்பம் தரலாம். பலர் கையொப்பமிட்ட விண்ணப்பத்திற்குத் தனி ஒருவரின் வேண்டுகோளினும் வலிமை மிகுதி. நான்காவதாக, நம் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் பொங்கல் விழாவிற்குத் திரட்டும் நிதியில் ஒரு சிறு பகுதியை வாடகைத் திடலுக்கென ஒதுக்கலாம். மராத்தி பேசும் அண்டை வீட்டுப் பெண்களையும் சேர்த்துக்கொள்க. பதினொருவர் இல்லாமல் குழு இல்லை. அண்டை அயலார் இல்லாமல் ஊர் இல்லை.

ஒன்று மட்டும் உறுதியாகக் கூறலாம். நேரம் என்பதே இங்கு உண்மையான செல்வம். ஒரு நாள் நல்ல களம் கிடைத்து, மறு வாரம் பறிபோவதைவிட, எளிய களமாயினும் ஆண்டு முழுதும் அதே நாளில் அதே வேளையில் கிடைப்பதே மேல். செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணி தனக்குரியது என்று ஒரு பெண் அறிந்தால், அவள் வருவாள். அவளைக் கண்டு மற்றொருத்தி வருவாள். இருவரையும் நம்பிப் பெற்றோர் அனுப்புவர். ஐம்பது ஆண்டுக் காலம் ஒரு நாட்டின் பெண்களை ஆட்டத்தினின்று விலக்கி வைக்கப் பூட்டிய வாயில் ஒன்றே போதுமானதாக இருந்தது. வாரத்திற்கு மூன்று மணி நேரம் அதனைத் திறந்து வைப்பது நம் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று.