பற்றாமற் பற்றும் கருவிகள்

கண்டிக்கு அண்மையிலுள்ள நத்தரம்பொத்தை உலோகக் கைவினைக்குப் பெயர்பெற்ற ஊர். நுண்ணிய வெள்ளி வேலை செய்யும் கைவினைஞன் தகட்டைச் சாமணத்தாற் பற்றுங்கால், அது நழுவுதலும் ஆகாது. அதில் வடு விழுதலும் ஆகாது. இதயச் சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியருக்கும் இவ்விரு நிபந்தனைகளும் உரியன. ஆயின், அவர் பற்றுவது உயிருள்ள குருதிக்குழாய்.

இதயத் தசைக்குக் குருதியளிப்பவை முடியுருநாடிகள். இவை அடைபடின், உடலின் வேறோரிடத்துக் குழாயொன்றைப் பொருத்தி, அடைப்பைத் தாண்டிக் குருதி செல்ல வழி செய்யப்படும். 1964இல் லெனின்கிராட்டில் கொலெசோவ் மார்பின் உட்புற நாடியை இவ்வாறு இணைத்தார். 1967இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஃபவலோரோ காலின் நாளத்தைப் பயன்படுத்தினார். இந்தியாவில் இச்சிகிச்சையை 1975இல் சென்னைப் பெரம்பூர் இரயில்வே வைத்தியசாலையில் மருத்துவர் கே. எம். செரியன் செய்தார்.

குழாயைப் பற்றுதல் ஏன் அரிதாகின்றது? அதன் உட்பரப்பை ஒற்றைக் கலப் படையொன்று போர்த்துள்ளது. குருதி உறையாது ஓடுவதும், குழாய் தளர்ந்து விரிவதும் பெரும்பாலும் அப்படையின் செயலே. கருவியின் அழுத்தத்தால் அது சிதையின், அவ்விடத்திற் குருதிச் சிறுதட்டுகள் ஒட்டி, உறைகட்டி தோன்றும். புதிதாக அமைத்த வழியே அடைபடும். நோய் தீர்க்க எடுத்த கருவியே நோய்க்கு வித்தாதல் இவ்வாறுதான்.

இதனைத் தவிர்க்கவே தனிக் கருவிகள் எழுந்தன. டிபேக்கி வகுத்த சாமணத்தின் ஓரலகில் நுண்பற்கள் இரு வரிசையாகவும், மற்றையதில் ஒரு வரிசையாகவும் அமைந்து ஒன்றனுள் ஒன்று பொருந்தும். அழுத்தம் ஒரு புள்ளியிற் குவியாது பரவுதலே அதன் பயன். குருதியோட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்தும் புல்டோக் கவ்வி, மெல்லிய வில்விசையால் இயங்கும். கண் சத்திரசிகிச்சைக்கென கஸ்ட்ரோவியேகோ அமைத்த ஊசிபற்றியும் இங்கே பயன்படுகின்றது. எழுதுகோல்போல் விரல் நுனிகளாற் பிடித்துச் சுழற்றுவதாகலின், மணிக்கட்டைத் திருப்ப வேண்டுவதில்லை. ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் விட்டமுள்ள நாடியில், மயிரினும் மெல்லிய பொலிபுரோப்பிலீன் நூலைச் செலுத்துவோர்க்கு இது பெருந்துணையாகும்.

எனினும், கருவியை நுண்ணிதாக்குதலினும் பற்றுதலையே குறைத்தல் சிறந்தது. 1902இல் பிரான்சின் அலெக்சிஸ் கறெல், குழாயின் விளிம்பில் மூன்று தையல்களைச் சம இடைவெளியில் இட்டு இழுத்தால் வட்ட வாய் முக்கோணமாகும் எனக் காட்டினார். நூலே பிடியாக, சுவரைக் கவ்வும் தேவை குறைந்தது. 1912இல் அவர் நோபெல் பரிசு பெற்றார். 1990களில் சுவீடனின் ஓறெப்ரோவில் சூசா என்பார் காலின் நாளத்தைச் சூழ்ந்த கொழுப்போடு எடுத்தார். கருவி பற்றுவது கொழுப்பையே, நாளத்தை அன்று. அவ்வாறு எடுத்த நாளங்கள் நெடுங்காலம் அடைபடாதிருந்தமை அங்கு நடந்த ஆய்விற் புலனாயிற்று. காலின் புண் ஆறத் தாமதித்தல் இம்முறையின் குறையாகும்.

இலங்கையின் முதலாவது இதயமாற்றுச் சிகிச்சை 2017 யூலையிற் கண்டிப் போதனா வைத்தியசாலையில் நிகழ்ந்தது. அத்தகைய பெருஞ்செயலும் ஈற்றில் குழாயோடு குழாயை வடுவின்றி இணைக்கும் சிறுசெயலிலேயே தங்கியுள்ளது. இறுகப் பிடிக்கப் பலருங் கற்பர். எவ்வளவு போதும் என்று அறிந்து பிடித்தலே பயிற்சியின் முடிவான பயன்.