குழாயில் தாமதம், உடலில் அவசரம்

சிலரின் ரத்தம் சோதனைக் குழாயில் உறைய வழக்கத்தைவிட நேரமாகிறது. அதே ரத்தம் அவர்கள் உடலுக்குள், காலின் ஆழ்சிரையிலும் மூளைத் தமனியிலும் வேண்டாத இடத்தில் உறைந்து அடைக்கிறது. ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் என்னும் தன்னுடல் தாக்கு நோயின் புதிர் இதுதான். 1952-ல் லூபஸ் நோயாளிகள் இருவரிடம் இந்தத் தாமதத்தைக் கண்டவர்கள், இதை ரத்தப்போக்கு நோய் என்றே கருதினார்கள். பின்னர் ஒட்டிக்கொண்ட ‘லூபஸ் உறைவெதிர்ப்பி’ என்ற பெயர் இன்றுவரை குழப்பம் செய்கிறது. இந்தத் தாமதத்தை உண்டாக்கும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி), ரத்த உறைவு, கருச்சிதைவு மூன்றையும் ஒரே நோயாகக் கோத்துக் காட்டியவர் லண்டன் மருத்துவர் கிரஹாம் ஹியூஸ், ஆண்டு 1983.

பெயரை வைத்துப் பார்த்தால், செல்சவ்வின் கொழுப்பான பாஸ்போலிப்பிடைத்தான் இந்த எதிர்ப்பொருள்கள் தாக்க வேண்டும். 1990-ல் வேறொன்று தெரியவந்தது. அவற்றின் முக்கிய இலக்கு, அந்தக் கொழுப்பின் மேல் ஒட்டும் பீட்டா-2 கிளைகோபுரதம். ரத்தத்தில் மிதக்கையில் வளையமாகச் சுருண்டிருக்கும் இப்புரதம், சவ்வில் ஒட்டியதும் தூண்டில் முள்போல் விரிந்து, மறைந்திருந்த பகுதியை வெளிக்காட்டுகிறது. எதிர்ப்பொருளுக்கு இரண்டு கைகள். இரண்டு புரதங்களைச் சேர்த்துப் பிடித்தால் பிடி எளிதில் நழுவாது. சோதனைக் குழாயில் பாஸ்போலிப்பிட் சிறிதளவே இருப்பதால், உறைதல் காரணிகளுக்கு இடமில்லாமல் இந்தக் கூட்டு மூடிவிடுகிறது. கூடுதல் பாஸ்போலிப்பிடைச் சேர்த்தால் தாமதம் குறைவதே இதற்குச் சான்று. உடலிலோ சவ்வுக்குப் பஞ்சமில்லை. அங்கே இந்தப் பிடி ரத்தக்குழாயின் உட்சுவரையும் தட்டணுக்களையும் வெள்ளணுக்களையும் உசுப்பி, உறைதலைத் தொடங்கும் திசுக்காரணியை வெளிக்கொணர்கிறது. உறைதலுக்குத் தடைபோடும் புரதம்-சியின் வேலையும் கெடுகிறது.

அப்படியானால், இந்த எதிர்ப்பொருள் இருந்தும் பலர் நலமாக இருப்பது எப்படி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நோயாளிகளின் எதிர்ப்பொருளை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். சிரையைக் கிள்ளிக் காயப்படுத்தியபோது மற்ற எலிகளைவிடப் பெரிய உறைகட்டி உண்டாகி, நெடுநேரம் கரையாமல் நின்றது. எதிர்ப்பொருள் விறகை அடுக்குகிறது. தீ வைப்பது அறுவை சிகிச்சையோ தொற்றோ புகைபழக்கமோ கர்ப்பமோ. அதனால் அதை வெறும் வேடிக்கை பார்ப்பதாகச் சொல்லிவிட முடியாது: விறகில்லாத இடத்தில் அதே பொறி அணைந்துவிடுகிறது. ஆனால் கருச்சிதைவை உறைகட்டியால் மட்டும் விளக்கிவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அழற்சியைத் தூண்டும் நிரப்புப் புரத அமைப்பில் குறையுள்ள எலிகளின் கருக்கள் எதிர்ப்பொருளுக்குப் பின்னும் தப்பின. நச்சுக்கொடியில் நடக்கும் அழற்சிக்கும் பங்குண்டு என்றே இதிலிருந்து கொள்ள வேண்டும்.

தொற்றுக்குப் பின் இந்த எதிர்ப்பொருள்கள் சில காலம் தோன்றி மறைவதுண்டு. எனவே 12 வாரம் கழித்து மறுபடி சோதித்துப் பார்க்காமல் நோயை உறுதிசெய்யக் கூடாது. உறைவு வந்தவர்களுக்கு வார்ஃபரின்தான் நம்பகமான மருந்து. இந்நோயை அறியச் செய்யும் மூன்று வகைச் சோதனைகளிலும் எதிர்ப்பொருள் தென்பட்டவர்களுக்குப் புதிய ரிவராக்சபானைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு, உறைவுகள் கூடியதால் பாதியில் நிறுத்தப்பட்டது. கரு திரும்பத் திரும்பக் கலையும் பெண்கள் விதியை நொந்துகொள்ளாமல் மருத்துவரிடம் இந்தச் சோதனைகளைக் கேட்க வேண்டும். நோய் உறுதியானவர்களில் பெரும்பாலோர் ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் எடுத்துக்கொண்டு குழந்தை பெறுகிறார்கள்.