காந்தியடிகள் இலண்டனிற் கண்ட எழுதாச் சட்டங்கள்

பிறநாட்டு நகரமொன்றிற் கல்வி பயிலச் செல்லும் மாணாக்கன் அந்நாட்டின் மொழியையும் வரலாற்றையும் நூல்வாயிலாக முன்னரே அறிந்துகொள்ளலாம். ஆயின், அந்நகரத்தார் வாய்திறந்து சொல்லாமலே கைக்கொள்ளும் சிறு வழக்கங்கள் நூல்களில் அகப்படா. அவன் திகைத்து நிற்பது பெரும்பாலும் இவற்றின் முன்னேயாம். 1888ஆம் ஆண்டிற் சட்டம் பயில இலண்டன் சென்ற காந்தியடிகளின் அனுபவம் இதற்குத் தக்க சான்று. அதனை அவரே தம் 'சத்திய சோதனை'யில் ஒளியாது எழுதிவைத்துள்ளார்.

பத்தொன்பது வயது நிரம்பாத அவ்விளைஞர், கரையிறங்கும்போது உடுத்தவேண்டுமென்று வெள்ளுடையொன்றைப் பேணி வைத்திருந்தார். செப்டெம்பர் மாத இறுதியில் அதனை உடுத்து இறங்கியபொழுது, வெள்ளை உடுத்தவர் அங்கே அவர் ஒருவரே! மாற்றுடைகளோ வேறிடத்தில், மறுநாள் ஞாயிறாதலால் அவை கிட்டவுமில்லை. கோயிலுக்கும் கல்லூரிக்கும் வெள்ளையையே மரியாதையாகக் கொள்ளும் நமக்கு அவர்பட்ட நாணம் எளிதில் விளங்காது.

அன்றிரவு அவரைக் காணவந்த டாக்டர் பிராண்ஜீவன் மேத்தாவின் உயர்ந்த பட்டுத்தொப்பியை எடுத்து, அதன் மென்மயிரை எதிர்ப்புறமாகத் தடவிப் பார்த்தார். டாக்டருக்குச் சினம் வந்தது. பிறர் பொருளைத் தொடலாகாது, முதற்சந்திப்பிலேயே கேள்விகள் கேட்கலாகாது, உரத்துப் பேசலாகாது என்று அவர் அறிவுறுத்தினார். 'எந்த ஊர், யார் மகன்' என்று தொடங்கும் நம் உபசாரம் அங்கே குற்றமாயிற்று.

இவை நகைப்புக்குரியன, பசி அவ்வாறன்று. மது, மாது, மாமிசம் மூன்றையும் தீண்டுவதில்லையெனத் தாயின்முன் சூளுரைத்து வந்தவர் அவர். பாணுங் கீரையும் ஜாமும் அவருக்கு உணவாயின. இரண்டு மூன்று துண்டுக்குமேற் பாண் கேட்க அவர் வெட்கினார். நம் இல்லங்களில் விருந்தினன் கேட்பதில்லை. போதும் போதுமென்று கையால் மறித்தாலும் இடுவோர் விடார். அங்கோ வேண்டியதை உண்பவனே கேட்டல் முறை. கேளாதவன் பசித்திருக்க வேண்டியதுதான். பின்னர்த் தங்கிய வீட்டிலே பெண்மக்கள் இருவர் இரங்கி ஒன்றிரண்டு துண்டு கூடுதலாக வைப்பர். முழுப்பாணொன்று இருந்தாலன்றி அவர் வயிறு நிறையாதென்பதை அவர்கள் அறியார். நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து தேடி, ஈற்றிற் பாரிங்டன் வீதியில் மரக்கறி உணவுச்சாலையொன்றைக் கண்டார். இலண்டன் வந்தபின் வயிறார உண்டது அன்றே.

இடையிற் சில மாதம் ஆங்கிலக் கனவானாக முயன்று, நடனமும் வயலினும் பயின்று கைவிட்டதைப் பலரும் அறிவர். நாம் மேலும் வியப்பது பாரிஸ்டர் ஆகும் முறையையே. பரீட்சையோடு பன்னிரண்டு தவணைகளையும் நிறைவேற்றல்வேண்டும். தவணை நிறைவேற்றலாவது, தவணையொன்றில் நடைபெறும் ஏறக்குறைய இருபத்துநான்கு விருந்துகளில் ஆறிலேனும் அமர்ந்திருத்தல்! நூலோடு மாத்திரம் பழகி வெளிவாரியாகப் பட்டம்பெற்ற என்போன்றார்க்கு இது கதைபோலத் தோன்றும். முற்காலத்தில் மாணாக்கர் சிலராயிருந்தபோது மூத்த சட்ட அறிஞரோடு ஒரே மேசையில் உண்டு, உலக அறிவும் பேச்சுநயமும் பெற்றனர். காந்தியடிகள் காலத்தில் மூத்தோர் மேசை வேறாயிற்று. பயன் போயினும் வழக்கம் நின்றது. நால்வர்க்கு இரண்டு போத்தல் மது வழங்கப்பட்டது. அவர் மதுவைத் தொடாராதலின், அவரை நாலாமவராகச் சேர்த்துக்கொள்ள மாணாக்கர் போட்டியிட்டனர். அவருக்கோ பாணும், அவித்த உருளைக்கிழங்கும், கோவாவுமே. பின்னர்ப் பார்சி மாணாக்கர் ஒருவரோடு சேர்ந்து விண்ணப்பஞ்செய்து, மரக்கறியும் பழமும் பெற்றார். பாண் துண்டு கேட்க வெட்கியவர் இப்போது கேட்கக் கற்றுவிட்டார்.

1891 யூன் 10ஆந் திகதி பாரிஸ்டராகி, 12ஆந் திகதி கப்பலேறினார். புறப்படுமுன், மரக்கறி உணவுக் கொள்கையுடைய நண்பர்களுக்கு ஹோபன் உணவகத்தில் விருந்தளித்தார். அது மாமிசமுஞ் சமைக்கும் இடம்; முகாமையாளரோடு பேசி, முற்றிலும் மரக்கறியாகவே சமைப்பித்தார். உண்டு முடிந்ததும் உரையாற்ற எழுந்தார். ஆயத்தஞ்செய்திருந்த முதல் வாக்கியத்துக்கப்பால் ஒன்றும் நினைவுக்கு வராமையால், வந்தவர்களுக்கு நன்றி கூறி அமர்ந்துவிட்டார்.